பாவாத்தாள் திருப்பித் தராத ஒன்று

விடிந்தும் விடியாததுமாக எருமைக்குத் தவிடு கலக்கப் போன பாவாத்தாள், பொடக்காலியில், அதாவது வீட்டுக்குப் பின்னால் சோளம் போடுகிற மூன்று ஏக்கராக் காட்டில், ஒரு பாலம் நிற்பதைப் பார்த்தாள். ஆறு கண் வைத்த பாலம். இரண்டு பக்கமும் இடுப்புயரக் கைப்பிடிச் சுவர், சுவரில் ஈரம் காயாத சுண்ணாம்பு, முனையில் கனரக வாகனங்கள் மெதுவாகச் செல்லவும் என்று இந்தியில் ஒரு பலகை, எல்லாம் ஒழுங்காக இருந்தன, கீழே ஓட ஆறுதான் இல்லை. சேங்கல்பாளையத்தில் ஆறு என்ன, வாய்க்காலே கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை வரும் தண்ணி லாரியை நம்பிக் குடத்தை வரிசையில் வைக்கிற ஊர் அது. பாவாத்தாள் பாலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், எருமையை அதன் நிழலில் மாற்றிக் கட்டினாள், பிறகு தவிட்டைக் கலக்கினாள். வேலை கிடக்கிறபோது வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

பொழுது மேலே ஏறியதும் போன் வந்தது. அவள் புருஷன் அத்தியப்பன் பீகாரிலிருந்து பேசினார். முந்தின நாள் சாயங்காலம் ஆயுளில் முதல்முறையாக மேடையேறினாராம், சுகுல்பூர் என்கிற ஊருக்கு ஆறு கண் வைத்த பாலம் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தாராம், சனம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் விட்டதாம். பாவாத்தாள் முழுவதையும் கேட்டுவிட்டு, பாலம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது என்று தகவல் சொன்னாள். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அத்தியப்பன் போர்வெல்காரர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகள் போய்த் துளை போடாத மாநிலம் இந்த நாட்டில் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப் போன வண்டிகளில் ஒன்பது அவருடையவை. ஆனால் அவருடைய தொழில் திறமை துளை போடுவதில் இல்லை, துளை வெறும் புழுதியாகக் கக்கும்போது காட்டுக்காரன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வதில் இருந்தது. நானூறு அடியில் புழுதி, ஐந்நூறு அடியில் புழுதி, அறுநூறில் புழுதியும் கல்லும், காட்டுக்காரன் போதும் நிறுத்து என்று வாயெடுக்கிற நேரம் பார்த்து, அத்தியப்பன் குழி வாயிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்து, கண்ணை மூடித் திறந்து, "இன்னும் பத்தடி" என்பார். அந்தக் குரலைக் கேட்ட யாரும் வண்டியை நிறுத்தச் சொன்னதில்லை. இந்த ஒரு சொல்லை அவர் பதினோரு மொழிகளில் கற்று வைத்திருந்தார், எந்த மொழியிலும் அடுத்த சொல்லைக் கற்க அவருக்குத் தேவை வரவில்லை.

பீகாரில் ஒரு வறண்ட ஊரில் எண்ணூறு அடிக்கு மேல் போயும் நீர்வராத குழியைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்த ஒரு நாள், அத்தியப்பன் ரிக் வண்டியின் மேல் ஏறி நின்று அந்தச் சொல்லைச் சொன்னார், ஊர் கை தட்டியது, பத்தடி ஓட்டியாயிற்று, தண்ணீர் வரவில்லை, அவர் மறுபடி சொன்னார், ஊர் மறுபடி முன்னைவிடப் பலமாகக் கை தட்டியது. அந்த வழியாகக் காரில் போன ஒரு கட்சிப் பெரியவர் இறங்கி நின்று இந்தக் கூத்தைக் கடைசி வரை பார்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இவ்வளவு கை தட்டு வாங்குகிறவன் குழியருகில் நிற்க வேண்டியவன் இல்லை என்று அங்கேயே முடிவு செய்து, அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவர் மேடையில் தமிழில் சொன்னதைக் கட்சிக்காரர்கள் அந்தந்த ஊர் மொழியில் மாற்றிச் சொல்ல, சொன்னதெல்லாம் வாரத்துக்கு ஒன்றாகப் பொடக்காலியில் வந்து இறங்கின. ராஜஸ்தானில் பேசிய மறுநாள் ஒரு பெண்கள் கல்லூரி, பெஞ்சும் கரும்பலகையும் சாக்பீஸும் உட்பட. ஜார்க்கண்டில் பேசிய மறுநாள் முப்பது படுக்கை ஆஸ்பத்திரி, படுக்கை விரிப்பு மடிப்புக் கலையாமல். ஒடிசாவில் பேசிய மறுநாள் ஒரு ரயில் நிலையமும், ரயில் நிற்கும் என்றே சொல்லிவிட்டிருந்தபடியால், காலை எட்டேகாலுக்கு நான்கு பெட்டி கொண்ட ஒரு ரயிலும். அது மூன்று நிமிஷம் நிற்கும், ஊதும், கிளம்பும், வேலிக்கு அந்தப் பக்கம் போனதும் காணாமல் போய்விடும். சேங்கல்பாளையம் எதையும் வீணடிக்கவில்லை. பாலத்தின்மேல் மிளகாய் காய்ந்தது, கல்லூரியில் கல்யாணச் சீர் நடந்தது, ஆஸ்பத்திரிப் படுக்கைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர்ப் பெரியவர்கள் முறை வைத்துப் படுத்தார்கள், ரயில் ஊதினால் பெண்கள் அடுப்பில் உலை வைத்தார்கள். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆறு இல்லாத ஊருக்குப் பாலம் என்ன குறைச்சல் என்று பேசிக்கொண்டார்கள்.

கிராம நிர்வாக அலுவலர்தான் கொஞ்சம் சிரமப்பட்டார். காட்டில் என்ன விளைந்திருக்கிறது என்று பதிவேட்டில் எழுத வந்தவர், போர்வெல்காரர் வீட்டில் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக இருக்கிறதே என்று நொந்துகொண்டு, பாலம் என்றால் ஆறு எங்கே என்று விசாரித்தார். ஆறு பீகாரில் இருக்கிறது என்று பாவாத்தாள் உள்ளதைச் சொன்னாள். அவர் நெடுநேரம் யோசித்து, 'புஞ்சை. பாலம் ஒன்று. ஆறு வெளிமாநிலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், அத்தோடு அவர் மனது சமாதானமாகிவிட்டது.

சூட்சுமம் பிடிபட்டதும் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா. சுடுகாட்டுக்குப் போகிற பாதை இருபது வருஷமாகச் சேறும் முள்ளுமாகக் கிடந்தது. மனுக்கொடுத்துக் கை ஓய்ந்தவர்கள் இப்போது பாவாத்தாளிடம் வந்து, மாப்பிள்ளையிடம் சொல்லி எங்காவது ஒரு ஊருக்கு ஒரு தார்ப்பாதை வாக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், அசாமாக இருந்தாலும் பரவாயில்லை என்றார்கள். அவளும் போனில் சொன்னாள், அவரும் அசாமில் பேசினார், பாதையும் வந்தது. ஊர் சார்பில் பேச வந்து முன்னால் நின்ற பெரியவரே அதில் முதலாவதாகப் போனார். பாதை நன்றாக இருந்ததென்று தூக்கிப் போன நான்கு பேரும் சொன்னார்கள்.

பாவாத்தாளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கோழி தன் வாசலில் முட்டையிட்டால் வெயில் தாழ்வதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவள் அவள். இதெல்லாம் யாருடையதோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள், நூல் மில்லில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வந்திருந்த சஞ்சுக்தா என்ற பெண், ரயிலை வேடிக்கை பார்க்கத் தோழிகளோடு வந்தவள், நிலையத்துப் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு அழுதாள். அது அவள் ஊரின் பெயர். அவள் ஊருக்குப் போக வேண்டுமென்றால் கடைசி ரயில் நிலையத்திலிருந்து பதினாறு கிலோமீட்டர் நடக்க வேண்டும், அவளுடைய அம்மா பிரசவ வலியோடு அந்தத் தூரத்தில்தான் பாதிவழியில் இறந்துபோனாள். பாவாத்தாள் அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். மோர் குடித்து முடிந்ததும், உங்கள் ஊர்க்காரர்களை வந்து இதை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் காகிதம் எழுது என்றாள்.

அவர்கள் வந்தார்கள். கடப்பாரையும் கயிறும் கொண்டு எழுபது பேர் வந்து, கூரையைப் பிரித்து, நடைமேடைக் கல்லைப் பெயர்த்து, பெயர்ப் பலகையை வேட்டியில் சுற்றி மூன்று லாரிகளில் ஏற்றிக்கொண்டு, ரயிலை மட்டும் எட்டேகாலுக்கு அது வந்து நின்றபோது மீதிப் பேர் ஏறிக்கொண்டு ஓட்டியே போய்விட்டார்கள். அந்தச் செய்தி பரவ, பிறகு வராத மாநிலம் இல்லை. பாவாத்தாள் வைத்த விதி ஒன்றுதான்: கூட்டத்தில் நின்று தன் காதால் வாக்கைக் கேட்ட இரண்டு பேர் முன்னால் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் போதும், பொருள் அவர்களுடையது, கிளம்பும் முன் ஒரு வேளைச் சோறும் உண்டு. முப்பது வருஷம் அத்தியப்பனின் வண்டிகளை வடக்கே ஓட்டி முழங்கால் தேய்ந்துபோய் ஊரோடு தங்கிவிட்ட டிரைவர் பொங்கியண்ணன் அவளுக்கு மொழிபெயர்த்தார். பாலம் போயிற்று, கல்லூரி போயிற்று, பிறகு வந்து இறங்கிய ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதையைப் பாய் மாதிரிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். கடற்கரையே பார்த்திராத நடுநாட்டு மாநிலம் ஒன்றுக்கு அவர் துறைமுகம் தருவதாகச் சொல்லிவிட, வேலியோரம் வந்து அலையடித்த சமுத்திரத்தை அந்த மாநிலத்தார் எடுத்துப் போக வந்தபோது, சேங்கல்பாளையத்துத் தண்ணி லாரிகள் பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஊரைவிட்டு வெளியே தண்ணீர் சுமந்தன. அசாம்காரர்கள் மட்டும் வந்து பார்த்துவிட்டு, பிணம் போன பாதை எங்களுக்கு ஆகாது என்று விட்டுப் போனார்கள்.

சேதி தெரிந்து அத்தியப்பன் போனில் சத்தம் போட்டார். பத்திரிகைக்காரர்களை அழைத்து வந்து என் ஊரைப் பார், என் சாதனையைப் பார் என்று காட்டத் திட்டம் வைத்திருந்தாராம், அவள் மண்ணை வாரிப் போட்டுவிட்டாளாம். ஆனால் சுகுல்பூர் ஆற்றின்மேல் பாலம் நின்றதைப் பார்த்த பீகாரும், ரயில் வந்து நின்றதைக் கேட்ட ஒடிசாவும், சொன்னதைச் செய்கிற ஒரே தலைவர் என்று அவரை உச்சியில் தூக்கி வைத்தபோது, அந்தச் சத்தம் தானாக அடங்கிவிட்டது. செய்தது அவள், பேர் அவருக்கு. அதைப் பற்றிப் பாவாத்தாள் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. ஐந்தாவது வருஷம், வருகிற தேர்தலில் அவர்தான் பிரதமர் என்று எல்லா மாநிலத்திலும் பேச ஆரம்பித்தார்கள்.

அவளுக்குக் குறை வேறு. அந்த ஐந்து வருஷத்தில் அவர் பதினோரு தடவைதான் வீட்டுக்கு வந்திருந்தார், கடைசி மூன்று தடவை செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலோடு பேசிவிட்டுப் போனார். நாடு முழுக்க வந்து கேட்டவர்களுக்கெல்லாம் அவரவர் பொருளைக் கையில் எடுத்துக் கொடுத்தவளுக்கு, தன் பொருளை யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை. அரிசியும்பருப்புஞ்சோறு ஆக்குகிற நாட்களில் பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்கு ஆக்கிவிட்டு, மிச்சத்தை எருமைக்கு வைக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. பிரதமர் ஆகிவிட்டால் இந்தப் பதினோரு தடவையும் கிடையாது, டெல்லியில் போலீஸ் காவலில் உட்காரவைத்துவிடுவார்கள், பிறகு டிவியில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் பயந்தாள். ஏக்கம் என்றால் அப்படி ஓர் ஏக்கம்.

டெல்லியில் கடைசிக் கூட்டத்துக்கு முந்தின நாள் அவர் போன் செய்தார். குழி எத்தனை அடி போயிருக்கிறது, இன்னும் புழுதிதான் என்று அந்தக் காலத்தில் வடக்கேயிருந்து தினமும் அவளிடம் சொன்ன பழக்கம். பெரிய கூட்டத்துக்கு முன்னால் அவளிடம் ஒருமுறை பேசாவிட்டால் அவருக்குத் தொண்டை திறக்காது.

"எல்லாத்தையுங் குடுத்தாச்சு புள்ளெ. சமுத்திரம் வரைக்குங் குடுத்தாச்சு. நாளைக்கு நின்னு என்னத்தச் சொல்றதுன்னே தெரியல."

பாவாத்தாள் மடியில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"உங்களையே குடுத்துருங்க," என்றாள்.

"அதெப்படி?"

"இனிமேட்டு நான் உங்க ஊட்டு மனுசன், உங்ககூட உக்காந்து உங்க சட்டியில சோறு திங்கறேன், சாகற வரைக்கும் உங்களை உட்டுப்போட்டு எங்கயும் போகமாட்டேன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு, நன்றாக இருக்கிறது, எழுதிக்கொள்கிறேன், இன்னொரு தடவை சொல் என்றார். இரண்டாவது தடவை அவள் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். லைன் சரியில்லை என்று நினைத்து அவர் போனை உதறினார். தன் வாக்கு எங்கே போய் இறங்கும் என்று தெரிந்தே எழுதிக்கொண்டாரா, தெரியாமல் எழுதிக்கொண்டாரா என்று அவள் இன்றுவரை அவரிடம் கேட்டதில்லை.

மறுநாள் டெல்லியில் பத்து லட்சம் பேர் அந்த வார்த்தையைக் கேட்டு அழுதார்கள் என்று டிவியில் சொன்னார்கள். அதற்கு மறுநாள் விடிகாலையில் பாவாத்தாள் பொடக்காலிக்குப் போனபோது, எருமைக்குத் தண்ணீர் வைக்கிற கல்தொட்டியின் விளிம்பில், கழுத்தில் சாமந்தி மாலையும் கையில் மைக்குமாக அத்தியப்பன் உட்கார்ந்திருந்தார். கை கால் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. இன்னும் மூன்று மணி நேரத்தில் கோயமுத்தூர் விமானம் என்று பொங்கியண்ணனைக் கிளப்பிக் காரில் ஏறினார். ஊர் எல்லைக் கல்லைத் தாண்டியதும் கார் மட்டும் போயிற்று, அவர் தொட்டி விளிம்பில் இருந்தார். பஸ்ஸில் போனார், தொட்டிக்கு வந்தார். பக்கத்துக் காட்டு வழியாகக் குறுக்கே நடந்து பார்த்தார், அதிலும் தொட்டிக்கே வந்தார், இந்த முறை மாலைகூட அறுந்துவிட்டிருந்தது. மூன்றாவது தடவை வந்ததும், இன்றைக்கு என்ன சோறு என்று கேட்டார். அரிசியும்பருப்பும் என்று அவள் சொன்னாள், அவர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார்.

நாடு அமளிதுமளிப்பட்டது. ஹெலிகாப்டரில் தேடினார்கள், எதிர்க்கட்சி கடத்திவிட்டது என்றார்கள், கட்சியே ஒளித்து வைத்திருக்கிறது என்றார்கள், ஊர் வாயை மூட உலைமூடி ஏது. சேங்கல்பாளையத்தில் யாரும் மூச்சு விடவில்லை. பாவாக்கா வீட்டுப் பொடக்காலிக்கு வந்ததை வெளியே சொல்லிக்கொண்டு திரிவது அந்த ஊரில் மரியாதை இல்லை. ஆனால் வாக்கைக் கேட்டவர்களுக்கு எங்கே வந்து பார்க்க வேண்டும் என்று தெரியாதா. ஏழாம் நாள் மதியம், சரியாகச் சோறு போட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில், நான்கு பஸ்கள் வாசலில் வந்து நின்றன.

இறங்கியவர்கள் இரண்டு சாட்சியா கொண்டுவந்தார்கள், இருநூறு பேரும் சாட்சி. முன்னால் ஒரு கிழவி வந்தாள், மெலிந்து, வெயிலில் கறுத்து, ஒரு தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு. வழியில் அவருக்குப் பசிக்குமே என்று ரொட்டி சுட்டு எடுத்து வந்திருக்கிறாளாம். பொங்கியண்ணன் அவள் பேசியதை மெதுவாகச் சொன்னார்.

"எங்கூட்டு மனுசன்னு எங்ககிட்டச் சொன்னாருங்கறாங்க அக்கா. எங்க சட்டியில சோறு திங்கறன்னாராமா. மத்ததெல்லாம் கேட்டவுடனே குடுத்தீங்களாமா, இதையும் குடுத்துருங்க, நாங்க நல்லாப் பாத்துக்கறம்ங்கறாங்க."

பாவாத்தாள் கதவை ஒட்டி நின்றாள். விதி அவள் வைத்த விதி. அவர்கள் கேட்பது நியாயம், கேட்கிற முறையும் நியாயம், அந்தத் தூக்குவாளியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது. அவள் ஆயுளில் யாருடைய முட்டையையும் ஒரு ராத்திரி வைத்துக்கொண்டதில்லை. கதவுக்குப் பின்னால் இரண்டடியில் அவர் சோற்றுத் தட்டோடு நிற்பது அவளுக்குத் தெரியும். ஒரு குரல், ஒரே ஒரு குரல் அவர் கொடுத்தால் போதும், இருநூறு பேரும் தோளில் தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் வைத்துவிடுவார்கள், பத்து லட்சம் பேரைக் கட்டிப்போட்ட அந்தக் குரலுக்குக் கதவு ஒரு தடையா. அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தாள். உள்ளேயிருந்து அவர் மெல்லுகிற சத்தம் மட்டும் வந்தது.

"இல்லீங்க," என்றாள் பாவாத்தாள். "அப்படியொண்ணும் இங்க வரலீங்க."

பொங்கியண்ணன் அவளை ஒருமுறை பார்த்தார், பிறகு வார்த்தை மாறாமல் இந்தியில் சொன்னார். வேறு யார் சொல்லியிருந்தாலும் வீட்டைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள். சொன்னவள் பாலத்தையும் ரயிலையும் சமுத்திரத்தையும் திருப்பித் தந்தவள். அவள் சொன்னால் இல்லைதான் என்று ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார்கள். ஐம்பத்தாறு வருஷம் சேர்த்த நாணயம் ஒரே வார்த்தையில் கரைந்துபோனது பாவாத்தாளுக்குத் தெரிந்தது, அவமானத்தில் அவள் முகம் எரிந்தது, ஆனாலும் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற அவளுக்கு மனம் வரவில்லை.

கிழவி மட்டும் போகவில்லை. அவள் கண் வாசற்படியோரம் இருந்தது. அங்கே பெரிய ஆண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி, ஒன்றின் வாரில் வதங்கிய சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. கிழவி செருப்பைப் பார்த்தாள், பாவாத்தாளின் முகத்தைப் பார்த்தாள், பாவாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். கிழவி இரண்டு எட்டு முன்னால் வந்து, யாரும் பார்க்காதபடி புடவைக் கொசுவத்தால் மறைத்துக்கொண்டு, அந்தச் செருப்பைக் காலால் ஒவ்வொன்றாக நிலைப்படிக்கு உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு தூக்குவாளியைப் பாவாத்தாள் கையில் கொடுத்துவிட்டு, பஸ்களின் பக்கம் திரும்பி உரத்த குரலில் என்னவோ சொன்னாள்.

"இல்லையாமா, எல்லாரும் ஏறுங்கங்கறாங்க," என்றார் பொங்கியண்ணன்.